நாற்பது கண்ணாடிக் குழாய்கள்

மெல்போர்ன்
20 அக்டோபர் 1996

அண்ணி,

இல்லை, நான் வராதது விமானச் சீட்டு கிடைக்காததால் அல்ல. கிடைத்தது, திங்கட்கிழமைக்கு. சனிக்கிழமையே அண்ணனைப் புதைத்துவிடுவோம் என்று சித்தப்பா போனில் சொன்னார். மண்மேட்டைப் பார்ப்பதற்காக மட்டும் வர என்னால் முடியவில்லை. அம்மா கேட்டால் இதையே சொல்லுங்கள். வேறு நல்ல காரணம் எதுவும் சேர்க்கவேண்டாம்.

சித்தப்பாவின் கடிதம் நேற்று வந்தது. அவர் எழுதியிருப்பது இது: சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து ஒரே ஒரு குப்பி இருந்தது. அண்ணனைப் பாம்பு கடிப்பதற்கு மூன்று நாள் முன்னால் அதை நீங்கள் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊர்க்காரி ஒருத்திக்குப் போட்டுவிட்டீர்கள். கடித்தது என்ன பாம்பு என்று அவளுக்கே தெரியாது. மறுநாள் அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

இது உண்மையா?

இரண்டு வருடமாக நான் இங்கே தைப்பான் பாம்பின் விஷத்தைத்தான் படிக்கிறேன். உங்களுக்குத் தெரியும். என் மேசையில் அது ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. அண்ணன் செய்தி வந்தபோது அதை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு வந்து, மிச்சத்தையும் எடைபோட்டு, எண்ணைக் குறித்துவிட்டுத்தான் வெளியே போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஹெனாவோ


லாகாவா சுகாதார நிலையம்
14 நவம்பர் 1996

ஹெனாவோ,

உன் கடிதத்தை நிலையத்தில் வைத்துப் படித்தேன். வீட்டில் எனக்கு இப்போது ஒரு மூலையும் ஒரு பாயும்தான். கறுப்பு உடுத்தியவள் எழுந்து நடமாடக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. ஆனால் நர்ஸ் வேறு யாரும் இல்லை. அதனால் காலையில் நிலையத்தைத் திறக்கிறேன். மாத்திரையை பெஞ்சில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறேன். அவர்களாக எடுத்துக்கொள்கிறார்கள். முதுகுக்குப் பின்னால், "துக்கம் இன்னும் காயல, அதுக்குள்ள சிஸ்டர் வேலைக்கு வந்துட்டா" என்கிறார்கள். வராவிட்டால் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதிவேட்டில் இருப்பதை எழுதுகிறேன்.

செப்டம்பர் 9, திங்கள். பெயர் வெலே, வயது இருபத்திரண்டு. விறகு பொறுக்கும்போது கணுக்காலில் கடி. இரண்டு கீறல். வாந்தி, வயிற்றுவலி, நடுக்கம். நீ அனுப்பிய கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்தேன். இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தேன். சாய்த்தேன். தண்ணீர் போல ஓடியது. இரத்தம் உறையவில்லை என்றால் தைப்பான், உடனே மருந்து போடு. இப்படி எழுதிய விதித்தாள் என் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. போட்டேன். அன்றைக்கே ரேடியோவில் டவுன் ஆஸ்பத்திரியிடம் வேறு குப்பி கேட்டேன். "அனுப்புறோம் சிஸ்டர், அடுத்த கப்பல்ல" என்றார்கள்.

செப்டம்பர் 12, வியாழன். காலை எட்டு மணி. உன் அண்ணன் வாழைத்தார் வெட்டப் போன இடத்திலிருந்து தானே நடந்து வந்தார். காலில் இலையைச் சுற்றியிருந்தார். வாசலில் நின்று, "ஏ சிஸ்டர், நானும் வரிசையில நிக்கணுமா, இல்ல வீட்டுக்காரனுக்குச் சலுகை ஏதாவது உண்டா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மருந்துப் பெட்டி காலி என்று எனக்குத் தெரியும். இருந்தும் போய்த் திறந்து பார்த்தேன். திரும்பியபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

பதினொரு மணிக்கு இமை இறங்கியது. ஒரு மணிக்குப் பேச்சு குழறியது. மூன்று மணிக்கு மூச்சு நின்றது. காற்றுப் பையை வாயில் பொருத்தி அமுக்க ஆரம்பித்தேன். ஊரில் இருக்கும் ஒரே லாரி பாக்கு ஏற்றிக்கொண்டு போர்ட் மோர்ஸ்பி சந்தைக்குப் போயிருந்தது. நாலு மணிக்குத்தான் வந்தது. போகும் வழியில், ஆற்றைத் தாண்டியதும், தொண்டையில் எச்சில் அடைத்துக்கொண்டது. நான் அமுக்கினேன். நெஞ்சு எழும்பவில்லை. இருட்டுவதற்கு முன்னால் முடிந்துவிட்டது.

சின்ன மாமா, உன் சித்தப்பா, என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். "நாளைக்கு நம்ம ஆளு ஒருத்தனுக்கு வேணும்னு தோணவே இல்லியா உனக்கு?" தோன்றவில்லை, ஹெனாவோ. என் முன்னால் ஒரு பெண் படுத்திருந்தாள்.

மார்ச்சில் துக்கம் கழிக்கும் விருந்து. அன்று என் கறுப்பைக் கழற்றுவார்கள். அன்றே நான் பெற்ற போயோவைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்வதாகச் சின்ன மாமா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "புருஷனக் காப்பாத்தாதவகிட்ட எங்க வீட்டுப் பொண்ண விடமாட்டோம்." நான் என் அம்மா ஊருக்குப் போகலாமாம். தனியாக. போயோவுக்கு ஆறு வயது.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். கண் அசையவில்லை, விரல் அசையவில்லை. கருவிழி அப்படியே விரிந்து நின்றது. அப்போது அவருக்கு நாங்கள் பேசியது கேட்டிருக்குமா? நீ படித்தவள். உனக்குத் தெரிந்திருக்கும்.

கோனியோ


மெல்போர்ன்
3 டிசம்பர் 1996

அண்ணி,

கேட்டிருக்கும்.

முதல் வரியாக இதை எழுதுவதா கடைசி வரியாக எழுதுவதா என்று நான்கு நாள் யோசித்தேன். எங்கே எழுதினாலும் அதுதான்.

விளக்குகிறேன். உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. எண்ணெயால் ஆன மெல்லிய சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரின் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு தலை, இரண்டு வால். பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி நிற்கின்றன. இரண்டு வால் இருப்பதால்தான் நிற்கின்றன. தைப்பான் விஷத்தில் ஒரு நொதி இருக்கிறது. அது செய்வது ஒரே வேலை. இரண்டு வால்களில் ஒன்றை வெட்டும். வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும். தான் குறையாது, களைக்காது. ஒன்றே ஆயிரத்தை வெட்டும்.

ஒரு வால் போனது சுவராக நிற்காது. அது இப்போது சோப்பு. உருவகமாகச் சொல்லவில்லை. வேதியியலில் அதற்கும் சோப்புக்கும் ஒரே குணம். வெட்டி விழுந்த வாலும் சோப்பின் குணம் உள்ளதுதான். அதாவது, சுவரிலிருந்தே சோப்பைச் செய்து, அந்தச் சோப்பால் சுவரைக் கரைக்கிறது. ஓட்டை விழுகிறது. வெளியே இருக்கவேண்டிய சுண்ணாம்புச் சத்து உள்ளே பாய்கிறது. செல் உள்ளிருந்து அழிகிறது.

ஆனால் இந்த நொதி எல்லா இடத்துக்கும் போவதில்லை. நரம்பு தசையைத் தொடும் அந்த நுனிக்குத்தான் முக்கியமாகப் போகிறது. அங்கேதான் அதன் வேலை. "அசை" என்று தசைக்குச் சொல்லும் நுனி அழிந்துவிடும். மூளைக்கு ஒன்றும் ஆகாது. காதுக்கும் ஆகாது. அசையத்தான் முடியாது. கருவிழி விரிந்து நின்றதும் அதனால்தான். பல டாக்டர்கள்கூட அதைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

ஒன்பது மணிக்கு மருந்து போட்டிருந்தால் பிழைத்திருப்பான். உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். நுனிக்குள் நுழைவதற்கு முன்னால் விஷத்தை இரத்தத்திலேயே பிடித்துவிட முடியும். நுழைந்தபின் எந்த மருந்தும் எட்டாது. நரம்பே புதிதாக நுனி வளர்த்துக்கொள்ளவேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். அதுவரை யாராவது மூச்சுவிட்டுக் கொடுக்கவேண்டும்.

நீங்கள் விதிப்படி செய்தீர்கள் என்று என் மூளைக்குப் புரிகிறது. மற்றதற்கு இன்னும் புரியவில்லை.

அந்த வெலே பற்றி மூன்று கேள்வி. அவளுக்கு இமை இறங்கியதா? மருந்து போட்டபின் எத்தனை மணி நேரத்தில் இரத்தம் உறைய ஆரம்பித்தது? மறுநாள் அவள் எப்படி இருந்தாள்?

ஹெனாவோ


லாகாவா
29 டிசம்பர் 1996

ஹெனாவோ,

கேட்டிருக்கும் என்று எழுதியிருந்தாய். அன்று ஆறு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு நிலையத்தை மூடினேன்.

அவர் என்னவெல்லாம் கேட்டார் என்று உனக்காவது சொல்லவேண்டும். நான் ஒவ்வொரு அமுக்கலையும் எண்ணினேன், சத்தமாக. நூறு வரை எண்ணி மறுபடி ஒன்று. நடுநடுவே திட்டினேன். "பூட்ஸ் வாங்கிக் குடுத்தேன்ல, அத எதுக்கு ஆணியில மாட்டி வச்சிருக்க? அழகு பாக்கவா? ஒன்னோட பெரிய ரோதனை." அத்தை தன் மகனின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் சின்ன வயதுப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சின்ன மாமா அவர் இமையைத் தூக்கிப் பார்த்தார். "போயிட்டான். கையை எடு கோனியோ, போதும். டேய், குழி வெட்ட ஆளுங்களச் சொல்லு" என்றார். நான் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் அமுக்கினேன்.

குழி வெட்டச் சொன்னதையும் அவர் கேட்டிருக்கிறார். இதைச் சின்ன மாமாவிடம் சொல்லமாட்டேன். எத்தனை தடவை வாய்வரை வந்தது தெரியுமா? அந்த மனுஷன் தினமும் விடிகாலையில் கல்லறைக்குப் போகிறார். போகட்டும்.

வெலே. இமை இறங்கவில்லை. ஆறு மணி நேரம் கழித்து வேறு குழாயில் பார்த்தேன், உறையவில்லை. மறுநாள் காலை பார்த்தேன், உறையவில்லை. இன்னொரு குப்பி வேண்டும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், பசிக்குது. கிழங்கு ஏதாவது இருக்கா?" என்றாள். தின்றுவிட்டு ஆற்றைக் கடந்து போய்விட்டாள். எனக்கும் அது விளங்கவில்லை. மருந்து வேலை செய்கிறது, சோதனைதான் மெதுவாகக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நவம்பர் கடைசியில் பள்ளிக்கூட வாத்தியார் ஓடி வந்தார். தூர வடக்கே, சேபிக் ஆற்றுப் பக்கத்துக்காரர். நம் வழக்கம் அவருக்கு இல்லை என்பதால் என் கறுப்பைப் பார்க்காமல் கையை நீட்டினார். கழிப்பறையில் பாம்பு கடித்துவிட்டது. அவர் இரத்தமும் உறையவில்லை. அடுத்த குப்பி இன்னும் வரவில்லை. லாரியில் ஏற்றி அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். "டவுன் டாக்டர் என்னப் பாத்துச் சிரிக்கிறாரு சிஸ்டர். மரத்துல தொங்குற சாதுப் பாம்பு, போய்ப் பாடம் நடத்துங்கன்னு துரத்திட்டாரு." அங்கே அவர் இரத்தம் ஏழு நிமிடத்தில் உறைந்ததாம்.

நான் சோதனையைத் தப்பாகச் செய்கிறேனா? பதினொரு வருடமாகச் செய்கிறேன். முன்பு பழைய பென்சிலின் குப்பிகளில் செய்வேன். வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுப்பேன். இப்போது நீ அனுப்பிய நல்ல குழாய்கள் இருக்கின்றன. இருந்தும் ஏன் இப்படி?

போயோ உன்னைக் கேட்டாள். ஆஸ்திரேலியாவில் பாம்பு உண்டா என்று.

கோனியோ


மெல்போர்ன்
16 ஜனவரி 1997

அண்ணி,

குழாய்கள்.

இன்றே நிறுத்துங்கள். ஒன்றைக்கூட இனித் தொடாதீர்கள். பென்சிலின் குப்பிகள் இருந்தால் அவற்றில் செய்யுங்கள்.

கண்ணாடிக் குழாய் எல்லாம் உடைந்துவிட்டது என்று போன ஏப்ரலில் எழுதியிருந்தீர்கள். அப்போது எங்கள் ஆய்வகத்தில் பழைய கண்ணாடிக் குழாய்களை எறியப்போனார்கள். நாற்பதை நான் கேட்டு வாங்கினேன். அவற்றில் விஷம் இருந்திருக்கலாம். நம் ஊர் ஆட்களின் இரத்தத்தை அதில் ஊற்றப்போகிறார்களே என்று பயந்தேன். அதனால் கழுவினேன். சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவினேன். மறுபடி ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, மறுபடி கழுவினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பளபளவென்று இருந்தன. பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, தேவாலயக் கப்பலில் அனுப்பினேன். சந்தோஷமாக இருந்தது.

இரத்தம் உறைய ஏதாவது ஒன்று அதைத் தூண்டவேண்டும். உங்கள் சோதனையில் தூண்டுவது வெறும் கண்ணாடி. கண்ணாடியின் பரப்பு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத சோப்புப் படலம் ஒட்டியிருந்தால் கண்ணாடியை இரத்தம் தொடுவதே இல்லை. உறையாது. யாருடைய இரத்தமும் உறையாது. இது எனக்குத் தெரியும். பாடத்தில் படித்தேன், தேர்வில் எழுதினேன். தொட்டியின் முன்னால் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று அலமாரியில் அதே மாதிரி குழாய் இரண்டு கிடந்தது. அதே மாதிரி கழுவினேன். என் கையிலிருந்து இரத்தம் எடுத்து ஊற்றினேன். இருபது நிமிடம். முப்பது. நாற்பது. சாய்த்தால் ஓடியது. என்னை எந்தப் பாம்பும் கடிக்கவில்லை.

வெலேயையும் கடித்தது விஷப்பாம்பு அல்ல. அவள் பயத்தில் வாந்தி எடுத்திருக்கிறாள். வேறு குழாயாக இருந்தால் அவள் இரத்தம் உறைந்திருக்கும். நீங்கள் அவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருப்பீர்கள். குப்பி பெட்டியிலேயே இருந்திருக்கும். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு.

இதற்கு மேல் அந்த வாக்கியத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவுக்கும் இன்றே தனியாக எழுதியிருக்கிறேன், எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லி. போயோவை உங்களிடமிருந்து யாரும் எடுக்கக் கூடாது.

அக்டோபரில் உங்களுக்கு எழுதிய கடிதத்தைத் திருப்பி வாங்க வழியில்லை.

ஹெனாவோ


லாகாவா
9 பிப்ரவரி 1997

ஹெனாவோ,

முதலில் வந்தது நிம்மதி. அதை உன்னிடம் மறைக்கவில்லை. நான் இல்லை, நான் இல்லை என்று உடம்பு முழுக்க ஓடியது. ஒரு நிமிடம் இருந்திருக்கும். அப்புறம் உன்மேல் கோபம். உன் மினுக்கும் குழாய்கள்மேல், நீ சுற்றி அனுப்பிய செய்தித்தாள்மேல். ஐந்து மாதமாக நான் மாத்திரையை பெஞ்சில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்கிறேன், ஹெனாவோ.

அப்புறம் ஜன்னலைப் பார்த்தேன். பென்சிலின் குப்பிகள் வரிசையாக அங்கேதான் இருக்கின்றன, தூசி படிந்து. வெலேயின் இரத்தம் மூன்று தடவை உறையாதபோது ஒரு தடவை அதிலும் பார்த்திருக்கலாம். வெள்ளைக்கார ஊரிலிருந்து வந்தது தப்பாக இருக்காது என்று நினைத்துவிட்டேன். உன்னிடமிருந்து வந்தது என்றும்.

சின்ன மாமா உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்தார். நேர்மையான மனுஷன், ஒரு வரி விடவில்லை. படித்து முடித்ததும் பின்வரிசையில் ஒருத்தி, "சோப்புப் போட்டுக் கழுவினா ஆள் சாவானா? அப்ப நான் என் வீட்டுக்காரன எத்தன தடவ கொன்னுருக்கணும்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறு யாருடைய கதையாவது இருந்தால்.

சின்ன மாமா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க பொண்ணு நல்ல மனசுக்காரி. அண்ணி மேல பாசம். அவள காப்பாத்த தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறா. இத நான் ஏத்துக்கமாட்டேன்" என்றார். அத்தை பாக்கைத் துப்பிவிட்டு எழுந்து போனார்.

விருந்து மார்ச் 15, சனிக்கிழமை. பன்றிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. போயோவின் துணிகளை மடித்து வைக்கும்படி ஆள் அனுப்பினார்கள்.

நான் என்ன செய்யட்டும்? உன் கடிதத்தை நம்பவைத்தால் போயோ எனக்கு. நம்பவில்லை என்றால் ஊர் உனக்கு. இரண்டும் எனக்குத் தெரிகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

கோனியோ


மெல்போர்ன்
24 பிப்ரவரி 1997

அண்ணி,

கடிதத்தை நம்பவேண்டாம். கண்ணால் பார்க்கட்டும்.

உங்கள் பென்சிலின் குப்பி ஒன்று. நான் கழுவிய குழாய் ஒன்று. பாம்பு கடிக்காத யாராவது ஒருவரின் இரத்தம், இரண்டிலும் ஒரே அளவு. குப்பியையும் குழாயையும் சித்தப்பாவே எடுக்கட்டும், நீங்கள் தொடவேண்டாம். அவர் கடிகாரத்தையே பாருங்கள். இருபது நிமிடம் யாரும் அசைக்கக் கூடாது.

என்னைப் பற்றி யோசிக்கவேண்டாம். நான் ஏற்கெனவே யோசித்துவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நேரம் அம்மாவை எங்கேயாவது அனுப்பிவிடுங்கள். சமைக்கிற இடத்துக்கோ, கிணற்றுக்கோ.

ஹெனாவோ


லாகாவா
23 மார்ச் 1997

ஹெனாவோ,

அனுப்பினேன். போகவில்லை.

காலை பத்து மணி இருக்கும். பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். பன்றியைக் குழியில் இறக்கி மூடியாகிவிட்டது. கறுப்பைக் கழற்ற என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். அப்போது நான் சின்ன மாமாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு நிலையத்துக்கு நடந்துபோய், ஜன்னலிலிருந்து ஒரு குப்பியும் பெட்டியிலிருந்து ஒரு குழாயும் எடுத்து வந்தார். இரண்டையும் மேசையில் வைத்தார். "யார் இரத்தம்?" என்றார்.

ஒருவரும் கையை நீட்டவில்லை. நான் இன்னும் கறுப்பில்தானே இருக்கிறேன், என் கை பட்டால் ஆகாது. ஒருவன் வாத்தியாரைத் தள்ளினான். "சார், நீங்க போங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே." வாத்தியார், "எனக்குப் பாம்பே பரவாயில்ல" என்று பின்வாங்கினார்.

அத்தை வந்தார். கையில் தேங்காய்ப் பால் ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார். யாரோ, "கறுப்பு இன்னும் கழட்டலியே, தொடுறாளே!" என்றார்கள். "என் மருமகதான தொடுறா. ஒன்ன யாரும் தொடல, தேங்காயத் துருவு" என்றார் அத்தை.

ஆறு மாதத்தில் நான் தொட்ட முதல் நம்மூர்க் கை. நரம்பு முதலில் கிடைக்கவில்லை. இரண்டாவது குத்தில் வந்தது. இரண்டிலும் ஒரே அளவு விட்டேன். சின்ன மாமா கடிகாரத்தைக் கழற்றி நடுவில் வைத்தார்.

இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. முதலில் பேசினார்கள். "பன்னி வெந்துரும் போலிருக்கே." "ஒனக்கு அது ஒண்ணுதான் கவலை." "குப்பிக்கும் குழாய்க்கும் பந்தயம் கட்டுவமா?" "வாய மூடுறா, சாவு வீடு." பத்து நிமிடத்துக்கு மேல் எல்லோரும் கடிகாரத்தையே பார்த்தார்கள். போயோ அத்தையின் மடியில் ஏறி, குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஆச்சு" என்றார் சின்ன மாமா. குப்பியை அவரே எடுத்துச் சாய்த்தார். இரத்தம் நகரவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். கட்டியாக அப்படியே நின்றது. அதை எல்லோருக்கும் காட்டினார்.

குழாயை எடுக்க அவர் கை போகவில்லை. அத்தைதான் எடுத்தார். சாய்த்தார். பாயில் ஓடியது.

அத்தை குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு பொட்டு அழுக்குகூட இல்லை.

"இது ஹெனாவோ கழுவுனதா?"

"ஆமா அத்தை."

"நல்லாத்தான் கழுவியிருக்கா."

அவ்வளவுதான் சொன்னார். குழாயை மேசையில் வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார். அழுதாரா என்று கேட்பாய். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

சின்ன மாமா என் கறுப்பைக் கழற்ற அவர் மனைவியிடம் சொன்னார். போயோவைப் பற்றிப் பேசவே இல்லை. மாலையில் மடித்து வைத்த துணிப் பை என் வாசலில் இருந்தது. உன் பெயரை அன்று யாரும் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தார்கள். என்ன பேசினார்கள் என்று எழுதமாட்டேன், நீ ஊகிக்கிறதுதான். அத்தை உன்னை வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் இப்போது எதுவும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் நாள் வேண்டும்.

விஷமுறிவு மருந்து வெள்ளிக்கிழமைக் கப்பலில் வந்தது. இரண்டு குப்பி.

மிச்சமிருந்த குழாய்களைச் சாக்கில் கட்டி, கோடரியின் பின்பக்கத்தால் உடைத்து, பழைய கழிப்பறைக் குழியில் கொட்டி மண் போட்டேன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு நிலையத்தைத் திறந்தேன். பதினாறு பேர் வந்தார்கள். மாத்திரைகளைக் கையிலேயே கொடுத்தேன்.

கோனியோ